கரண்டி நின்றுபோகும் வயதில்: சத்துணவுப் பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். பள்ளிச் சத்துணவிலும் காலை உணவிலும் அங்கன்வாடியிலும் எந்தக் கிழமை என்ன சமைப்பது என்று முடிவு செய்கிறவர்கள் நீங்கள். உங்களில் யார் பெயரும் எனக்குத் தெரியாது. பதவிப் பெயரைப் போட்டு எழுதினால் அது மனுவாகிவிடும். மனுவுக்கு ஒரு எண் விழும், 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரு பதில் வரும், அதோடு சரி. அதனால்தான் நாலு பேர் படிக்கட்டும் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

நான் திருச்சி மாவட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊருக்குள் என் பெயர் நிறையப் பேருக்குத் தெரியாது, 'நர்சம்மா' என்றால் தெரியும். ஒரு தோளில் தடுப்பூசிப் பெட்டி, இன்னொரு தோளில் பை. அந்தப் பைக்குள் எப்போதும் ஒரு ஆரஞ்சுத் திரவ பாட்டில் இருக்கும். வைட்டமின் ஏ. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 1 மில்லி, அதற்கு மேல் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 மில்லி. பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் கரண்டியில் பாதிக்கு ஒரு கோடு இருக்கும், அந்தக் கோடு 1 மில்லி. 1 மில்லியில் 1 லட்சம் யூனிட். ஊசி போட்ட கோபத்தில் அழுகிற பிள்ளை, இந்தத் திரவம் நாக்கில் பட்டதும் சட்டென்று நிறுத்தி, கரண்டியை விடாமல் நக்கும். என் வேலையில் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்த நேரம் அது ஒன்றுதான்.

பிறகு பிள்ளைக்கு ஐந்து வயது முடியும். கரண்டி நின்றுவிடும். அதே ஜூன் மாதம் அது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, உங்கள் பட்டியல்படி சமைத்த சோற்றுக்குத் தட்டை நீட்டும். நான் எழுத வந்தது அந்தத் தட்டைப் பற்றி.

அதற்கு முன்னால் ஒரு பழைய கதை. வேலையில் சேர்ந்த புதிது, எண்பதுகளின் பிற்பாதி. துறையூர் பக்கம் ஒரு கிராமத்தில் நாலு வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்தாள். "வெளக்கு வெச்சதுக்கு அப்புறம் இவ எல்லாத்துலயும் இடிச்சிக்கிட்டே நடக்குறா நர்சம்மா. குறும்பு பண்றான்னு ரெண்டு போட்டுட்டேன்" என்றாள். பகலில் ஓடியாடும் குழந்தைதான். சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். வெளிச்சம் இறங்கியதும் தண்ணீர் டம்ளரை அவளுக்கு ஒரு எட்டு தள்ளி வைத்து எடுக்கச் சொன்னேன். தரையைக் கையால் தடவினாள். பக்கத்து வீட்டு டார்ச்சை வாங்கிக் கண்ணைப் பார்த்தால், கருவிழிக்கு வெளிப்பக்கம், வெள்ளைப் பகுதியில், சோப்பு நுரை ஒட்டிக் காய்ந்த மாதிரி ஒரு சின்ன முக்கோணம். பயிற்சியில் படத்தில் காட்டிய பிட்டாட் புள்ளி, ஏ குறைவின் அடையாளம்.

மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். அன்றைக்கு ஒரு முறை, அடுத்த நாள் ஒரு முறை திரவம் கொடுத்தார்கள், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. நாலாம் நாள் இரவு, தெருவில் விளையாடிக்கொண்டிருந்த அண்ணனை இருட்டில் தனியாகப் போய்க் கூட்டி வந்தாளாம். அந்த அம்மா அதைச் சொன்னபோது அழுதாள். பார்வை வந்ததற்கு அல்ல, அடித்ததற்கு.

மாலைக்கண் என்று நம் ஊரில் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். ஆட்டு ஈரல் கொடு, பொன்னாங்கண்ணி கொடு என்று பாட்டிமார் சொன்னதும் சரிதான். ஈரல்தான் உடம்பு இந்த வைட்டமினைச் சேர்த்து வைக்கும் இடம், ஆட்டுக்கும் நமக்கும். அதனால்தான் 2 லட்சம் யூனிட் ஒரே நாளில் கொடுத்தால் நாலு முதல் ஆறு மாதம் வரை ஓடுகிறது.

ஆனால் கண் என்பது வெளியே தெரியும் அடையாளம் மட்டும். கண்ணில் வறண்டுபோகிற அதே மெல்லிய ஈரத்தோல்தான் தொண்டையிலும் நுரையீரல் குழாயிலும் குடலிலும் உள்பக்கம் பூசியிருக்கிறது. ஏ குறைந்தால் அங்கேயும் வறளும், கிருமிக்குக் கதவு திறந்த மாதிரி. சாதாரணமாக வந்து போகும் வயிற்றுப்போக்கு இழுத்துக்கொண்டு போகும். தட்டம்மை வந்தால், இருக்கிற கொஞ்சத்தையும் அது எரித்துவிடும். கருவிழியே சில நாளில் கரைந்துபோன குழந்தைகளில் பலருக்கு அதற்கு முன் தட்டம்மை வந்திருக்கும். அம்மை கண்ட வீட்டில் பிள்ளையை இருட்டறையில் போட்டு, முட்டை கூடாது, தாளிப்பு கூடாது என்று பத்தியம் வைப்பார்கள். அந்தப் பத்தியத்தோடு நான் போட்ட சண்டைக்கு ஒரு தனி மடல் எழுதலாம்.

இது வெறும் கண் சமாச்சாரம் இல்லை, உயிர் சமாச்சாரம் என்று உலகம் நம்பியதே 1986-க்குப் பிறகுதான். ஆல்பிரட் சோமர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் ஆய்வு செய்து, ஏ கொடுத்த கிராமங்களில் குழந்தை இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்றார். ஒரு வைட்டமினால் அவ்வளவா என்று பலர் நம்பவில்லை. அப்போது அதைச் சரிபார்த்த ஆய்வுகளில் ஒன்று நடந்தது எங்கே தெரியுமா? எங்கள் திருச்சி மாவட்டத்தில். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் செய்தது, 1990-ல் வெளியானது. ஐந்து வயதுக்கு உட்பட்ட 15,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள். வாரா வாரம் ஒருவர் வீடு தேடிப் போய்ச் சொட்டு கொடுத்தார். பாதிப் பேருக்கு அதில் ஏ இருந்தது, மீதிப் பேருக்கு இல்லை. ஒரு வருட முடிவில் ஏ கிடைத்த பக்கம் இறப்பு 54 சதவீதம் குறைவு. பாதிக்கும் கீழே.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த 54 அல்ல. கொடுத்த அளவு. வாரத்துக்கு 2,500 மைக்ரோகிராம், அதாவது 8,333 யூனிட். ஏழு நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 360 மைக்ரோகிராம் கூட வரவில்லை. சின்னக் குழந்தைக்கு ஒரு நாளில் சாப்பாட்டிலிருந்து கிடைக்க வேண்டியது ஏறத்தாழ 400. அந்த வாரச் சொட்டு மாயம் எதுவும் செய்யவில்லை ஐயா. சோறு செய்ய வேண்டிய வேலையை, சோறு செய்யாததால், அது செய்தது. ஒரு குழந்தை நன்றாகச் சாப்பிட்டால் என்ன கிடைக்குமோ அதைக் கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டின் ஏ திரவத் திட்டம் 1970-ல் தொடங்கியபோதும், உணவு சரியாகும் வரைக்கும் என்றுதான் தொடங்கினார்கள். இடைக்கால ஏற்பாடு. 50 வருடம் தாண்டிவிட்டது.

திரவத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். இனி எல்லாக் குழந்தைக்கும் வேண்டுமா என்று டாக்டர்களுக்குள் வாதம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்து 2013-ல் வெளியான ஆய்வில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதும் உண்மை. நானே அந்த நுரைப் புள்ளியைப் பார்த்துப் பல வருடம் ஆகிறது. தட்டம்மைத் தடுப்பூசி வந்தது, தண்ணீர் மேம்பட்டது, வீட்டில் முட்டை வந்தது. மாலைக்கண் போய்விட்டது, சந்தோஷம். ஆனால் குறை போய்விட்டதா? 2016 முதல் 2018 வரை நாடு முழுக்கக் குழந்தைகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்த ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. ஒன்று முதல் நாலு வயதுக் குழந்தைகளில் 18 சதவீதம் பேருக்கு ஏ குறைவு. ஐந்து முதல் ஒன்பது வயதில்? 22 சதவீதம்.

கரண்டி இருக்கும் வயதைவிட, கரண்டி நின்ற வயதில் கூடுதல். இது நாட்டுச் சராசரி, மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதெல்லாம் சரி. ஆனால் அந்த ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைதான் காலையில் ஒரு வேளை, மதியம் ஒரு வேளை என்று உங்கள் கையால் சாப்பிடுகிறது. இந்த வயதுப் பிள்ளையின் இரண்டு வேளைச் சோறு அரசாங்கத்தின் கையில் இருப்பது எல்லா ஊரிலும் நடக்கிற காரியம் இல்லை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கியது, 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று வந்து இன்று பள்ளி நாள் ஐந்திலும் முட்டை, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு. இவ்வளவையும் கட்டி எழுப்பிவிட்டு, உள்ளே போடுகிற காயில் கோட்டை விடலாமா?

சரி, கணக்குக்கு வருகிறேன். கையால் போட்ட கணக்கு, தவறிருந்தால் திருத்துங்கள்.

ஒரு முட்டையில் ஏ சுமார் 75 மைக்ரோகிராம். ஐந்து முட்டைக்கு 375. செறிவூட்டிய எண்ணெய் என்றால் 1 கிராமில் 6 முதல் 9.9 மைக்ரோகிராம் வரை ஏ சேர்த்திருக்க வேண்டும். ஒன்றிய அரசின் மதிய உணவு விதிப்படி ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 5 கிராம் எண்ணெய். அதில் நாளைக்கு 30 முதல் 50, வாரத்துக்கு 250 தாண்டாது. அதுவும் எண்ணெய் டின்னை வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் திறந்து வைக்காமல் இருந்தால். வெளிச்சத்திலும் சூட்டிலும் அது கெட்டுப்போகும். அரிசியில் ஏ கிடையாது. ரவையில் கிடையாது, சேமியாவில் கிடையாது. பருப்பில் சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை. ஆக எல்லாம் சேர்த்து வாரத்துக்கு அறுநூற்றுச் சொச்சம். திருச்சிக் குழந்தைகளுக்குக் கொடுத்தது 2,500, அதுவும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பொடிசுகளுக்கு. வீட்டுச் சாப்பாட்டில் கொஞ்சம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும் நடுவில் பெரிய பள்ளம். அதை நிரப்பக்கூடியது ஒன்றுதான். பச்சையாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும் காய், கீரை, பழம்.

அவற்றில் இருப்பது நேரடியாக ஏ அல்ல. கரோட்டின். உடம்பு அதை ஏ-வாக மாற்றிக்கொள்ள வேண்டும். 12 மைக்ரோகிராம் கரோட்டின் உள்ளே போனால் 1 மைக்ரோகிராம் ஏ கிடைக்கும் என்பது கணக்கு. நஷ்டக் கணக்கு மாதிரி தெரியும். ஆனால் முருங்கைக்கீரையில் இருக்கும் கரோட்டின் அவ்வளவு. ஒரு கைப்பிடி உருவிய இலையை எண்ணெயோடு சமைத்தால் ஒரு முட்டையின் ஏ-வைத் தாண்டிவிடும். 20 கிராம் ஆரஞ்சு கேரட்டும் ஒரு முட்டைக்குக் குறையாது. இன்னொரு நல்லதும் உண்டு. திரவத்தில் அளவு மீறினால் விஷமாகும். 2001-ல் அசாமில் வழக்கமான 2 மில்லி கரண்டிக்குப் பதில் 5 மில்லி கோப்பையைக் கொடுத்து, குழந்தைகள் நோயுற்று, இறப்புச் செய்திகளும் வந்து நாடே பதறியது. அந்த வருடம் நான் கரண்டியை மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவேன். கீரையில் அந்தப் பயம் இல்லை. உடம்பு தனக்கு வேண்டியதை மட்டும் மாற்றிக்கொள்ளும். மிஞ்சிப்போனால் உள்ளங்கை மஞ்சளாகும்.

எண்ணெய் என்று சொன்னேன், அதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நம் ஊரில் எல்லோரும் கீரை வெந்த தண்ணீரைக் கொட்டாதே, சத்து போய்விடும் என்பார்கள். வேறு சில சத்துக்கு அது சரி. கரோட்டின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். தண்ணீரில் வேகவைத்து உப்புப் போட்ட கீரையைவிட, ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளித்து மசித்த கீரையிலிருந்து பிள்ளைக்கு அதிகம் சேரும். மசிப்பதும் முக்கியம். முழு இலையாக இருந்தால் பாதி அப்படியே வெளியே வந்துவிடும். தாய்மாரை நம்பவைக்க நான் அதற்குச் சான்று காட்டியதுண்டு, எங்கே போய்ப் பார்க்கச் சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டாம்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருவோம். எங்கள் பக்கத்துப் பள்ளி மையத்தின் சுவரில் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. ஒன்று, மூன்றாம் வார வெள்ளிக்கிழமையில் 'கறிவேப்பிலை சாதம் அல்லது கீரை சாதம்', கூட மசாலா முட்டையும் மிளகாய்ப்பொடி போட்டு வறுத்த உருளைக்கிழங்கும். அரைத்துப் போட்டால் கறிவேப்பிலையும் நல்ல சரக்குதான், குறை சொல்ல மாட்டேன். என் குறை எல்லாம், கீரை என்ற சொல் அந்தச் சுவரில் ஒரே ஒரு இடத்தில், அதுவும் ஒரு 'அல்லது'வுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான். மாதத்தில் இரண்டு வெள்ளி.

அந்த இரண்டு வெள்ளியும் என்ன ஆகிறது என்றும் பார்த்திருக்கிறேன். எந்த ஊர், எந்த மையம் என்று சொல்ல மாட்டேன், அங்கே வேலை பார்ப்பவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அறுபது பிள்ளைக்கு ஒரு சமையலர். உதவியாளர் பணியிடம் காலி. அறுபது பிள்ளைக்கு முருங்கைக்கீரை வேண்டுமென்றால் எத்தனை கொத்து என்று யாராவது உட்கார்ந்து உருவிப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒரு நாள் அவரோடு உட்கார்ந்து உருவினேன். இரண்டு பேர், ஒன்றே கால் மணி நேரம், விரல் நுனியெல்லாம் பச்சை. அதற்குள் உலை கொதித்து, பருப்பு குழைந்து, முட்டை வெந்து, மணி அடித்துவிட்டது. தனியாளாக அவர் என்ன செய்வார்? நாலு கொத்தைக் காம்போடு கிள்ளிப் போட்டுக் கிண்டுவார். பதிவேட்டில் 'கீரை' என்று எழுதியாகிவிட்டது. பிள்ளைகள் காம்பைப் பொறுக்கித் தட்டு ஓரத்தில் வேலி கட்டின மாதிரி அடுக்கும். அப்புறம் 'பிள்ளைங்க கீரை சாப்பிட மாட்டேங்குதுங்க' என்று ஒரு பேச்சு ஆகிவிடும்.

பிள்ளை கீரை சாப்பிடாமல் இல்லை, காம்பைச் சாப்பிடவில்லை. வித்தியாசம் உண்டு. அதே பிள்ளைகளுக்கு, இலையை மட்டும் வதக்கி, பாசிப்பருப்போடு கடைந்து, பூண்டும் மிளகாயும் தாளித்துச் சோற்றில் பிசைந்து கொடுத்தால் இரண்டாம் முறை தட்டு வருகிறது. இதையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே கீரைக்குப் பட்டியலில் இடம் தருவதோடு, உருவுகிற கைக்கும் ஏதாவது தாருங்கள். காலை உணவைப் பல ஊர்களில் மகளிர் சுய உதவிக்குழுப் பெண்கள்தான் சமைக்கிறார்கள். ஆய்ந்த கீரையாகவே அவர்களிடமோ ஊரில் வேறு பெண்களிடமோ எடை போட்டு வாங்க அனுமதி கொடுத்தால் போதும். கிலோவுக்கு இன்ன விலை என்று எழுதிவிட்டால், காலை எட்டு மணிக்கு ஆய்ந்த கீரை கூடையில் வந்து நிற்கும். வாரத்துக்கு இரண்டு நாள். அந்த 'அல்லது' வேண்டாம்.

கீரையைவிடச் சுலபமான வழி பரங்கிக்காய். சிலர் மஞ்சள் பூசணி என்பார்கள். காலை உணவில் உப்புமாவுக்கும் கிச்சடிக்கும் பொங்கலுக்கும் கூட வருகிற சாம்பார் இருக்கிறதே, அதில் போடுங்கள். பரங்கி குழைந்து சாம்பாரோடு சாம்பாராகிவிடும். எந்தப் பிள்ளையும் பொறுக்கி ஓரத்தில் வைக்க முடியாது! சாம்பாரும் கெட்டியாகும், லேசாக இனிக்கும், பிள்ளைக்குப் பிடிக்கும். வெட்டுவதும் கீரை மாதிரி இல்லை, பத்து நிமிட வேலை. வாங்கும்போது நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே நல்ல ஆரஞ்சாக இருக்க வேண்டும். வெளிறிய காயில் கரோட்டின் குறைவு. தை மாதம் எங்கள் சந்தையில் கூறு போட்டுக் கொட்டிக் கிடக்கும், முழுக் காயாக வைத்தால் மாதக் கணக்கில் கெடாது. 'காய்கறி சாம்பார்' என்று பொதுவாக எழுதினால் கத்தரிக்காயும் முள்ளங்கியும்தான் வரும், அவற்றில் ஏ இல்லை. 'பரங்கிக்காய் அல்லது கேரட் சாம்பார்' என்று பெயர் சொல்லி எழுதுங்கள். இந்த 'அல்லது' இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கைப் பிடுங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிள்ளைகள் வாரம் முழுக்கக் காத்திருப்பது அதற்குத்தான். சர்க்கரைவள்ளியாக மாற்றலாமே என்று ஒரு டாக்டரம்மா ஒரு முறை சொன்னார். ஆரஞ்சுச் சதை ரகம் என்றால் சரி. எங்கள் சந்தையில் வருவது உள்ளே வெள்ளையாக இருக்கும் ரகம், அதில் பெரிதாக ஒன்றுமில்லை. உருளைக்கிழங்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறீர்கள். பசிக்கு நல்லது, ஏ-வுக்குப் பிரயோசனம் இல்லை. அந்த இடத்தில் வாரம் இரண்டு நாளாவது ஒரு கீற்றுப் பப்பாளி கொடுக்கலாம். பப்பாளி சூடு, பிள்ளைக்கு ஆகாது என்று யாராவது வருவார்கள், என்னிடம் அனுப்பிவையுங்கள். மாம்பழமும் அருமையான சரக்குதான், ஆனால் நம் ஊர் மாம்பழம் பழுக்கிற நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. கோடை விடுமுறை விட்டுத் திறக்கும்போது மரத்தில் கடைசி வரத்து இருக்கும். ஜூன் மாத முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் மாம்பழம் என்று யாராவது ஒரு ஆணை போட்டால், அவரை நான் நேரில் வந்து கும்பிடுவேன்.

மரம் என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கன்வாடிதோறும் ஒரு முருங்கை நடலாம் என்று அடிக்கடி பேச்சு எழும், போட்டோவும் எடுப்பார்கள். முருங்கை நடுவது சுலபம், கையளவுப் போத்து ஒன்றை ஊன்றினால் போதும். காப்பாற்றுவதுதான் கஷ்டம். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக ஏறும். ஒரு பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்துப்போனால் மறுநாள் யாரோ அரிவாளோடு வந்து மரத்தை அடியோடு சாய்த்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்து இரண்டு மரம் இப்படிப் போயிற்று. வருடத்துக்கு ஒரு முறை ஆள் வைத்துக் கிளையை ஒடித்துவிட்டால் மரமும் தழையும், பூச்சியும் குறையும், கைக்கெட்டும் உயரத்தில் இலையும் கிடைக்கும். ஒடித்து வளர்க்காத முருங்கையும் அடித்து வளர்க்காத பிள்ளையும் உருப்படாது என்பார்கள். முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பாதிக்கு, துறையூர்ப் பக்கத்து அந்த அம்மாவைக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் காசு வேண்டும் என்பது தெரியும். ஒரு பிள்ளைக்குக் காய்கறிக்கு என்று ஒதுக்குகிற தொகையை வைத்துக்கொண்டு சந்தைக்குப் போய் நின்ற அமைப்பாளர்களின் முகத்தைப் பார்த்தவள் நான். தக்காளி விலை ஏறுகிற வாரத்தில் சாம்பாரில் முதலில் காணாமல் போவது காய்தான். விதிப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குக் கீரையும் சேர்த்து 50 கிராம் காய். அந்த 50 கிராம் தட்டில் இருக்கிறதா என்று எடை போட்டுப் பார்த்த ஆய்வு அதிகாரியை நான் பார்த்ததில்லை. முட்டையை எண்ணுவார்கள், அரிசி மூட்டையை எண்ணுவார்கள். காயை எண்ண முடியாது, அதனால் அது கணக்கில் வராமலே போகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த பட்டியல் தயாராவதற்கு முன்னால், சொல்லாமல் கொள்ளாமல், ஏதாவது ஒரு கிராமத்துப் பள்ளிக்கு மதியம் வாருங்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு வர வேண்டாம், அங்கே உங்களைப் பார்த்ததும் நாற்காலி போட்டுவிடுவார்கள். தட்டு கழுவுகிற குழாயடிக்கு வந்து, அங்கே இருக்கும் பக்கெட்டை எட்டிப் பாருங்கள். உருளைக்கிழங்கு ஒன்று கூட இருக்காது. முருங்கைக் காம்பு இருக்கும். அதற்குக் கீழே உருண்டை உருண்டையாக, மஞ்சள் கரு. அவித்த முட்டையில் வெள்ளையைத் தின்றுவிட்டு, தொண்டையில் மாவு மாதிரி அடைக்கிறது என்று சின்னப் பிள்ளைகள் அதைத் துப்பிவிடுகின்றன. முட்டையில் இருக்கும் ஏ முழுக்க அந்த மஞ்சளில்தான். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டுமாவது முட்டையை உதிர்த்து மசாலாவோடு சோற்றில் கிளறிக் கொடுக்கச் சொல்லி எழுதுங்கள். அதற்குக் காசு செலவில்லை, ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்,
திருச்சி மாவட்டம்.